டிரைவரின் பேத்தி

“எங்க டிரைவரோட பேத்தி,” என்றார் பெரியவர். சிறுமி வாந்தியெடுத்து முடித்த கிண்ணம் அவர் கையிலேயே இருந்தது.

கேட்டவர், சம்பந்தியாக வரப்போகிறவர். மூட்டு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்தவர், லிஃப்டில் மாடி தவறி இறங்கி, குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவின் கண்ணாடிக் கதவு வழியாகப் பெரியவரைப் பார்த்துவிட்டார். பெரியவரின் கடைசி மகளுக்கும் சம்பந்தியின் மகனுக்கும் வரும் ஞாயிற்றுக்கிழமைதான் கல்யாணம் நிச்சயிப்பதாக இருந்தது.

கிண்ணத்தைப் பார்த்து சம்பந்தி நெகிழ்ந்துபோனார். வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இப்படிச் செய்ய யாருக்கு மனம் வரும் என்றார். நோய்நொடி இல்லாத வம்சம்தானா என்று தன் மனைவி மூன்று மாதம் துருவித் துருவி விசாரித்ததையும், ஒரு குறையும் அகப்படாததையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். யார் முன்னாலும் குனிந்தறியாத தலை அது. சம்பந்தி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க,” என்று தோளில் தட்டினார்.

பிறகு கட்டிலருகே போனார். மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போயிருந்த சிறுமி, ஊசி செருகிய கையை அசைக்காமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“தாத்தா எங்கே கண்ணு? கார் ஓட்டப் போயிருக்காரா?”

“ஆமா. ஐயா கார் எங்க தாத்தாதான் ஓட்டுறாரு.”

“உன்னைப் பார்க்க எப்ப வருவாரு?”

“எல்லாரும் போனப்புறம் வருவாரு.”

வேலை முடிந்துதானே பாவம் அவனால் வர முடியும் என்று சம்பந்தி இரக்கப்பட்டார். இனி அந்த டிரைவரை மாலையில் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுமாறு உரிமையோடு கேட்டுக்கொண்டார். பெரியவர் சரி என்றார்.

லிஃப்ட் வரை போய் வழியனுப்பினார். இப்படிப்பட்ட வீட்டில் பெண்ணெடுப்பது தங்கள் பாக்கியம் என்று சொல்லிக்கொண்டே சம்பந்தி உள்ளே போனார். கதவு மூடும்வரை பெரியவர் முதுகு வளையாமல் நின்றார்.

திரும்பி வந்தபோது சிறுமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தை நீட்டி, அவருக்குப் பின்னால் நடையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை.

“வந்துட்டீங்களா, தாத்தா?”