இடது கை ஆட்டக்காரி

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. நீங்க ஏற்கெனவே கோல்ஃப் ஆடினவங்க. ஃபார்ம்ல பொய் எழுதியிருக்கீங்க."

அர்விந்த் இதைத் தமிழில் சொன்னதற்குக் காரணம் உண்டு. சுற்றி நின்ற மற்றப் பத்துப் பேரும் ஹிந்திக்காரர்கள். வயதில் மூத்த ஒரு பெண்மணியை அவர்கள் எதிரில் அவமானப்படுத்த அவனுக்கு மனமில்லை.

தெற்கு தில்லியின் அந்தப் பயிற்சி மைதானத்தில் அவன் ஆறு வருஷமாகக் கோச். சனிக்கிழமை காலை வகுப்பு, கோல்ஃப் மட்டையைத் தொட்டே இராதவர்களுக்கு மட்டும். மாதக் கடைசியில் அவர்களுக்குள் ஒரு போட்டி வைப்பார்கள். ஜெயிப்பவர், மெம்பர்களைத் தவிர யாரையும் உள்ளே விடாத பெரிய கோல்ஃப் மைதானம் ஒன்றில் ஒரு நாள் முழுக்க ஆடலாம்.

சுபாஷிணி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஐம்பத்தாறு வயது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். ஏதோ ஒரு மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர்.

"சத்தியமா ஆடினதில்லப்பா. ஸ்டிக்கைத் தொட்டதே உன் கிளாஸ்லதான்."

"எல்லாரும் கம்ப்ளெயிண்ட் பண்றாங்க ஆன்ட்டி. உங்க பேரை லிஸ்ட்லேர்ந்து எடுக்கச் சொல்லிட்டார் மேனேஜர்."

"எடுத்துட்டியா?" குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"இன்னும் இல்ல."

அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. முதல் இரண்டு வாரமும் அவன் யாரையும் பந்தை அடிக்க விடவில்லை. நிற்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தான். மட்டையைப் பிடிப்பது, கால்களை அகட்டுவது, முழங்காலை லேசாகத் தளர்த்துவது, அடிப்பதற்கு முன்னால் மணிக்கட்டைச் சின்னதாக ஆட்டிப் பார்ப்பது. மற்றவர்கள் பஸ் கூட்டத்தில் கம்பியைப் பிடித்தாற்போல் விறைத்து நின்றார்கள்.

சுபாஷிணிக்கு வலது கைக்காரர்களின் மட்டையைக் கொடுத்தபோது தடுமாறினாள். பிறகு பக்கம் மாறி, இடது கைக்காரர்களைப் போல நின்றாள். ஃபார்மில் வலது கையால் கையெழுத்துப் போட்டவள் இப்படி நிற்கிறாளே என்று யோசித்தபடி ஸ்டோரைக் குடைந்து, இருந்த ஒரே இடது கை மட்டையைத் தேடிக் கொண்டுவந்தான். அதற்கப்புறம் அவள் நின்றதைப் பார்த்து அசந்துபோனான். தூரத்துக் கொடியை ஒரு பார்வை. பந்தை ஒரு பார்வை. மணிக்கட்டில் இரண்டே அசைவு. குதிகாலை லேசாகத் தூக்கி வைத்து, ஒரு மூச்சு. இருபது வருஷம் ஆடினவர்களுக்குத்தான் இந்தப் பழக்கமெல்லாம் உடம்பில் ஊறியிருக்கும்.

"சரி, இப்ப என் எதிர்ல ஒரு பந்து அடிங்க, பார்க்கலாம்," என்றான்.

அவள் நின்றாள். கொடி, பந்து, மணிக்கட்டு, குதிகால், மூச்சு. எல்லாம் கச்சிதம். அப்புறம் மட்டையைத் தாழ்த்திப் பக்கத்துத் தடுப்புக் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டாள்.

"அடிக்கவே இல்லையே ஆன்ட்டி?"

"ஓ! அடிக்கணுமில்ல," என்று மறுபடி எடுத்தாள்.

முதல் வீச்சு விரிப்பில் மோதியது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது காற்றில் போய், அவளையும் சேர்த்துச் சுழற்றியது. அர்விந்த் முழங்கையைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பாள். மூன்றாவதில் பந்து நாலடி உருண்டு பக்கத்து ஆளின் ஷூவில் முட்டி நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வேண்டுமென்றே தப்பாக அடிக்கிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். குறி தப்பும், உடம்பு தப்பாது. இது நடிப்பில்லை. இந்த அம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாக இன்றுதான் மட்டையை வீசுகிறாள்.

"ஸாரி ஆன்ட்டி. மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க லிஸ்ட்ல இருக்கீங்க."

"ஜெயிச்சா நிஜமாவே உள்ள விடுவாளா?"

"விடுவாங்க."

அவள் தலையாட்டிக்கொண்டாள். அர்விந்துக்குத்தான் ஆறவில்லை. "நிக்கறதுக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக்கொடுக்கல. எங்காத்துக்காரர் ஆடறவர். இருபத்தாறு வருஷமா தினம் கார்த்தால ஹால்ல பிராக்டீஸ். நிக்கறது, ஆட்டறது எல்லாம் உண்டு. அடிக்கறது மட்டும் கிடையாது. ஸ்டிக்கைத் தூக்கினா ஃபேன்ல இடிக்குமே."

"அவர் கிரவுண்ட்ல அடிக்கறதைப் பார்த்திருப்பீங்களே?"

"அங்கெல்லாம் என்னைக் கூட்டிண்டு போனதில்லப்பா." ஆபீஸ் ஃபைலைப் படிப்பதுபோல், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "இப்பக்கூட நீ சொல்ற அந்த மெம்பர்ஸ் கிரவுண்டுக்குத்தான் போயிருக்கார்."

"அச்சா, அப்போ அவரும் லெஃப்ட் ஹேண்டரா?"

"இல்லையே. நாங்க ரெண்டு பேருமே வலது கைதான்."

"பின்ன நீங்க ஏன் இந்தப் பக்கமா நிக்கறீங்க?"

சுபாஷிணி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் புரிந்ததுபோல் இருந்தது.

"அந்த ஹால்ல ஆளுயரக் கண்ணாடி கிடையாதுப்பா," என்றாள். "தான் சரியா நிக்கறோமான்னு அவருக்குத் தெரியணுமோன்னோ? அதுக்காக தினமும் கையில ஒரு குடையை வச்சுண்டு அவருக்கு எதிர்ல நிப்பேன். அவர் என்ன பண்றாரோ, அதையே அப்படியே பண்ணிக் காட்டணும். நான்தான் அவருக்குக் கண்ணாடி."