மாமியார் கைப்பக்குவம்

மாமியார் எதுவினா ஞாயிறுதோறும் மண்சட்டியில் கொண்டுவரும், இறைச்சிமேல் மக்காச்சோள விழுது பரப்பிச் சுட்ட பாஸ்தெல் மாதிரி மைத்தேனுக்கு வரவேயில்லை. மேலே தூவிய சர்க்கரை கருகிவிடும்.

"அம்மா கை வேற, உன் கை வேற" என்பான் கணவன் ரெனாத்தோ.

வெறுத்துப்போனவள், மாமியாரின் பிறந்தநாளுக்கு இருவரையும் தால்கா நகரின் பழைய உணவகத்துக்கு அழைத்துப்போனாள்.

"ஹோட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்காதும்மா" என்று எதுவினா வாசலிலேயே இழுத்தார்.

ரெனாத்தோ பாஸ்தெல்லைச் சட்டியோடு வழித்துத் தின்றான். "பரவாயில்ல. ஆனா அம்மா செய்யறதுக்குக் கிட்டகூட வராது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

பரிமாறும் பெண் குனிந்தாள். "எதுவினாக்கா, போன ஞாயிறு கொண்டுபோன மூணு சட்டி இன்னும் திரும்பி வரலையே. இந்த வாரமும் மூணுதானா?"

மாமியார் தண்ணீர் குடித்தார்.

"மூணுதான். ஆனா என் பேர்ல எழுதிக்குங்க" என்றாள் மைத்தேன். "இந்த ஞாயிறு நான் சமைக்கிறேன்."