நாற்பத்தாறாம் சங்கீதம்

குற்றாலத்தில் அந்த ஆடிச் சாரலின்போது வல்லிநாயகத்தின் மூன்று வயது மகள் காய்ச்சலில் நாலு நாளாய் உறங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் அருவி இரைந்துகொண்டே இருந்தது. தென்காசியிலிருந்து வில்வண்டியில் வந்த வேதக்கோயில் உபதேசியார் பைபிளின் சங்கீதப் புத்தகத்தைக் கொடுத்து, தண்ணீர் கொந்தளிப்பதும் 'அமர்ந்திருந்து' என்பதும் வரும் நாற்பத்தாறாவதைக் காட்டினார்.

"வாயால படிக்காண்டாம் அண்ணாச்சி. மனசுக்குள்ள படிங்க. நீங்க உள்ள அடங்கிட்டா வெளிய எல்லாம் அடங்கிரும்."

மத்தியானம் வல்லிநாயகம் நெற்றித் திருநீற்றோடு குழந்தையருகே உட்கார்ந்து படித்தார். ஏழாம் தடவையில் மனசு அசையாமல் நின்றது.

"என்னங்க, அருவிச் சத்தத்தக் காணலயே," என்றாள் மனைவி முத்துவடிவு.

அவர் சன்னல் வழியாகப் பார்த்தார். தண்ணீர் எப்போதும்போல வெள்ளையாக விழுந்துகொண்டுதான் இருந்தது. அடியில் நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை உறங்கிவிட்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் காய்ச்சல் விட்டிருந்தது. மகள் கண் விழித்து, அவரைப் பார்த்துச் சிரித்து, கூப்பிட வாயைத் திறந்தாள். அவள் வாய்க்குள்ளிருந்து அருவி இரைந்தது.