கைப்பெட்டிக்காரர்

"பிரிக்காதே! மூட்டையை மூட்டையாவே வெளியே எடுத்து வை!"

கூடத்தில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். சத்தம் போட்டவர், கணக்குத் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்ற குடும்பத் தலைவர். பெரிய பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவி. சோபாவில் மகனும் மருமகளும். வாசல் பக்க நாற்காலியில், வேடிக்கை பார்க்கவே வந்தவர் மாதிரி, மருந்துக் கடை வைத்திருக்கும் மைத்துனர். வேறு யாரும் இல்லை. பிற்பாடு அங்கே இல்லாதவர்களெல்லாம் பார்த்ததுபோல் பேசியதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தணிக்கையாளரின் தம்பி முன்பே காலமாகிவிட்டார். அவர் மகளின் கல்யாண வரவேற்பு வெளியூரில். அப்பா ஸ்தானத்தில் மேடையில் நின்று, குடும்பத்தின் சார்பில் நாலு வார்த்தை பேச வேண்டியவர் தணிக்கையாளர்தான். அதுதான் அவருக்குக் கவலை.

"சம்பந்தி வீட்டுக்காரங்க எப்பேர்ப்பட்டவங்க தெரியுமா? ஒரு கைப்பெட்டியோட உலகத்தையே சுத்தி வர்றவங்க. அவங்க முன்னாடி நாம வீடு காலி பண்ணிட்டு வந்த மாதிரி போய் நிக்கணுமா? தம்பி பொண்ணுக்கு அது மரியாதையா?"

"அத்தான், நீங்கதான் எப்பவும் கைப்பெட்டியோட போறீங்களே. அது போதாதா?" என்றார் மைத்துனர்.

"நான் போறேன். உங்க அக்கா இந்தப் பூதத்தை இழுத்துக்கிட்டுப் பின்னால வர்றாளே! பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

அவர் கைப்பெட்டியோடு போவது உண்மை. சொந்தபந்தத்தில் அவருக்கு 'கைப்பெட்டிக்காரர்' என்றே பெயர். சட்டையைச் சுருட்டி வைப்பது எப்படி, பல்துலக்கியை எந்த மூலையில் செருகுவது என்று கல்யாண வீடுகளில் ஆளைப் பிடித்து உட்கார வைத்து விளக்குவார். அவர் தூரத்தில் வருவதைப் பார்த்தாலே சிலர் சாப்பிட எழுந்துவிடுவார்கள்.

மனைவி முதல் மூட்டையைத் தூக்கினார். "என்னங்க, இதுல வந்து..."

"தெரியும். உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தா மனசு வராது. கனத்தைப் பாரு, வெட்டு. தணிக்கையில அதான் முறை."

"வவுச்சரைப் பாக்காமலேயா மாமா?" என்றாள் மருமகள்.

மகன் அவள் காலை மிதித்தான்.

இரண்டாவது மூட்டை வந்தது. மனைவி மறுபடி வாயைத் திறந்தார். "சொன்னா கேளுங்க, இது இல்லாம அங்கே போய்..."

"அங்கே கடை இல்லையா? மனுஷன் இல்லையா? வெளியே வை!"

மூன்றாவது மூட்டை வெளியே வந்தது. அந்த அம்மாள் கணவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன். நிஜமாவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று மற்ற மூவரையும் பார்த்துவிட்டு, மூட்டைகளைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். காலிப் பெட்டி பரணுக்குப் போயிற்று. திரும்பி வந்தபோது அவர் தோளில் ஒரு துணிப்பை மட்டும் தொங்கியது.

"எனக்கு இது போதுங்க."

தணிக்கையாளருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியாடா மாப்ளே! ஒரே நாள்ல உங்க அக்காவைத் திருத்திட்டேன்!"

விமான நிலையத்தில் வரவேற்க வந்த சம்பந்தியிடமும் அதையே சொன்னார். "என் சம்சாரத்தைப் பாருங்க. ஒத்தைப் பை! எல்லாம் நான் கொடுத்த பயிற்சி." சம்பந்தி பவ்யமாகத் தலையாட்டினார்.

மாலையில் விடுதி அறையில் குளித்துவிட்டு வந்த தணிக்கையாளர், துண்டோடு அலமாரியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என் கோட்டு எங்கே?"

"நம்ம வீட்டு அலமாரியில."

எந்த ஊருக்குப் போனாலும், எந்த அறையில் தங்கினாலும், தேய்த்த கோட்டு அங்கே தொங்கும். ஊரார் கணக்கையெல்லாம் துருவித் துருவிக் கேட்ட மனிதர், அது எப்படி வந்து தொங்குகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"மூட்டையில என் கோட்டு இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல விட்டீங்களா?"

"உன் சாமான்ல ஒண்ணைக் குறைச்சுக்கிட்டு அதை எடுத்து வந்திருக்கலாமில்ல?"

 அந்த அம்மாள் கசங்காத பட்டுப் புடவையில், தலைவாரி, புறப்படத் தயாராக நின்றார்.

மகனுடைய கோட்டு தோளில் ஏறவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை; கடைகள் அடைத்திருந்தன. போட்டு வந்தது போக, கைப்பெட்டியில் இருந்தது இன்னொரு பனியன் சட்டையும் இன்னொரு அரைக்கால்சட்டையும்தான். ஆக, குடும்பத்தின் மானத்தைக் காக்க வந்தவர், முழங்கால் தெரியும் கால்சட்டையோடு மேடையேறினார். பக்கத்தில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாகச் சம்பந்தி. பேச வேண்டிய நாலு வார்த்தையில் இரண்டுதான் வந்தது. புகைப்படக்காரர் மட்டும் நல்லவர். இடுப்புக்கு மேலேயே எடுத்தார்.

தன் புடவைகளை அடுக்க இடம் வேண்டும் என்று அந்த அம்மாள்தான் கணவருடைய கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அது சுத்தப் பொய். கோட்டு, தோல் செருப்பு, தலையணை என்று அந்தப் பெரிய பெட்டியில் இருந்தது அத்தனையும் கணவருடையதுதான்; கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் தனக்கென்று கொண்டுபோனது தோளில் மாட்டிய அந்தத் துணிப்பை ஒன்றுதான்.