ஸ்பீக்கர் ஏன் பேசவில்லை?

“இது மட்டும் உன் கைவரிசைன்னு தெரிஞ்சுது, இன்னிக்கே நீ பெட்டியைக் கட்டிடணும்!”

அண்ணன் கத்தினான். தம்பி சுவரோரம் நின்றான். வேலை போனதிலிருந்து மூன்று மாதமாக அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். இங்கிருந்து போகச் சொன்னால் போய் நிற்க வேறு இடம் கிடையாது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

“நான் தொடவே இல்லண்ணா.”

“தொடாமலே கெட்டுப்போச்சா? ஞாயித்துக்கிழமை நல்லாப் பாடின ஆம்ப்ளிஃபயர். திங்கக்கிழமை சாயங்காலம் வந்து போட்டா, லைட் எரியுது, ஸ்பீக்கர்ல மூச்சு இல்ல. பகல் பூரா வீட்டுல யார் இருந்தா? நானா? உங்க அண்ணியா?”

தம்பி தரையைப் பார்த்தான். அதுவே பெரிய பதில் என்று அண்ணன் முடிவு கட்டினான்.

மெக்கானிக் வந்தார். அண்ணன் நாற்காலியை இழுத்து, அவர் முழங்கையில் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்துகொண்டான். ரிப்பேர்காரர்கள் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு ஓட்டை பாகத்தை மாட்டிவிடுவார்கள் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். கண்ணை இமைக்கக்கூட யோசித்தான்.

மெக்கானிக் சுவிட்சைப் போட்டார். கொஞ்சம் கழித்து உள்ளே ‘டிக்’ என்றது.

“உயிர் இருக்கு சார்.”

“அது எனக்கே தெரியும். சத்தம்தான் இல்ல.”

மெக்கானிக் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி, அதன் நுனிகளில் ஒரு கடிகார பேட்டரியைத் தொட்டார். ஸ்பீக்கர் ‘டப்’ என்றது. இன்னொன்றும் ‘டப்’.

“ஸ்பீக்கரும் நல்லாருக்கு சார்.”

“எல்லாமே நல்லாருந்தா உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்?”

“டார்ச் வேணுமா சார்?” என்று தம்பி ஓர் அடி முன்னால் வந்தான்.

“நீ எதையும் தொடாதே!”

மெக்கானிக் தன்னிடமிருந்த டார்ச்சையே அடித்தார். முன்பக்கம் ஹெட்போன் செருகும் ஓட்டைக்குள் பார்த்தார். “ம்” என்றார். அண்ணனையும் தம்பியையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு பேனா ரீஃபிள் நுனியில் துளி பசை வைத்து, ஓட்டைக்குள் விட்டு, ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

“என்ன பண்றீங்க?”

“காயணும் சார்.”

“என்ன காயணும்?”

“பசை சார்.”

இந்த ஆளிடம் விஷயத்தைக் கறக்கவே தனியாக ஒரு மெக்கானிக் வேண்டும் போலிருந்தது.

இரண்டு நிமிடம் கழித்து ரீஃபிளை இழுத்தார். நுனியில் பொன் நிறத்தில் என்னவோ மின்னியது. அண்ணன் குனிந்து பார்ப்பதற்குள் அது சட்டைப் பைக்குள் போய்விட்டது.

ஒயர்களை மாட்டிப் பாட்டைப் போட்டார். வீடே அதிர்ந்தது.

“சரியாப் போச்சு சார். தூசி அடைச்சிருந்தது.”

அண்ணன் பாட்டை நிறுத்தினான். “பையில என்ன?”

“ஒண்ணுமில்ல சார், குப்பை.”

“குப்பை தங்கமா மின்னுமா? எடுங்க வெளிய!”

மெக்கானிக் மனசே இல்லாமல் எடுத்து மேசையில் வைத்தார். அரிசி அளவுக்கு ஓர் உலோகத் துண்டு.

“ஹெட்போன் பின்னோட முனை சார். யாரோ வேகமா இழுத்ததுல உடைஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. இது உள்ள இருந்தா, யாரோ ஹெட்போன்ல கேட்கிறாங்கன்னு நினைச்சுக்கிட்டு ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை அடக்கிடும். சின்ன விஷயம். இதுக்குப் போய் வீட்டுல எதுக்குச் சண்டைன்னுதான்...”

அதற்கு மேல் அண்ணன் காதில் ஏறவில்லை. அந்த வீட்டில் இருப்பது ஒரே ஹெட்போன். அது அவனுடையது.

“என் ஹெட்போனை எடுத்திருக்கே! என்னைக் கேட்டியாடா?”

தம்பி அந்தத் துண்டைப் பார்த்தான். மெக்கானிக்கைப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆமாண்ணா. நான்தான்.”

“பார்த்தீங்களா சார்? இவன் திருட்டு முழி முழிக்கும்போதே எனக்குத் தெரியும். போடா, கட்டு பெட்டியை!”

தம்பி பெட்டியோடு வாசலுக்கு வரவும், அண்ணி ஆஸ்பத்திரி வேலை முடிந்து உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

“பெட்டியோட எங்க தம்பி கிளம்பிட்டீங்க?”

தம்பி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டான். ஒன்றுக்கு இரண்டாகவே சொன்னான். அண்ணி மேசையில் இருந்த துண்டை எடுத்துப் பார்த்தாள்.

“ஏங்க, இதை உடைச்சது நீங்கதானே! ஞாயித்துக்கிழமை போன் அடிச்சதும், காதுல மாட்டின ஹெட்போனோடவே எழுந்து ஓடினீங்களே. ஆம்ப்ளிஃபயரே அலமாரியிலேருந்து சரிஞ்சுது. தம்பிதான் பாய்ஞ்சு பிடிச்சாரு. நீங்க போன்ல பேசிட்டு அப்படியே தூங்கப் போயிட்டீங்க. வெளியாள் முன்னாடி உங்க மானம் போகக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டிருக்காரு.”

அன்றைக்குக் காது சுரீரென்று இழுபட்டது அண்ணனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மெக்கானிக் தன் பையின் ஜிப்பை மூடுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார். தம்பி பெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

“எடுடா பெட்டியை!” என்றான் அண்ணன். “உடைச்சது யாரா வேணா இருக்கட்டும். என் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றவனுக்கு இந்த வீட்டுல இடம் கிடையாது!”