ஜன்னலோரக் கட்டில்

இடுப்பொடிந்து கட்டிலோடு கிடந்த தங்கம்மாளுக்கு, மலை உச்சியில் ஏற்றும் மகா தீபத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான் வருஷத் தரிசனம். எதிரே இருந்த பழைய லாட்ஜை இடித்துப் பதினைந்து மாடி கட்டினால் மலை மறைந்துவிடும் என்று வழக்குப் போட்டாள். தோற்றுப்போனாள்.

மறுநாளே லாட்ஜ் முதலாளி ஜெயபால், இன்ஜினீயர் கீதாஞ்சலியோடு வந்து நின்றார்.

“கேஸ்ல ஜெயிச்சது போதாதா? இந்த வீட்டையும் புடுங்க வந்துட்டீங்களா?”

கீதாஞ்சலி தலையணைப் பக்கம் குனிந்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு டேப்பை நீட்டி அளந்தாள்.

“அள, நல்லா அள! நான் செத்தாத்தான் இந்தக் கட்டில் நகரும்!”

“ஐயோ, நகர்த்திடாதீங்கம்மா!” என்று பதறினார் ஜெயபால். “அதை வெச்சுத்தான் பிளானையே மாத்தறோம். ஒரே கட்டடத்தை ரெண்டாக்கிட்டேன். நடுவுல உங்க மலை தெரியும்.”

தங்கம்மாள் திகைத்தாள். “நீங்க ஜைனராச்சே. இது உங்க சாமி இல்லியே?”

“அடுத்தவங்க சாமியை மறைக்கச் சொல்லி எங்க சாமி சொல்லலியேம்மா.”

கட்டடங்கள் எழும்பிய பிறகு வந்த முதல் கார்த்திகை. இரண்டுக்கும் நடுவே தீபம் சுடர்விட்டது.

“அண்ணாமலையாருக்கு…” என்று கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள் தங்கம்மாள்.

“அரோகரா!” என்றன இரண்டு கட்டடங்களின் பால்கனிகளும்.