கடைசி ஆன்லைன் வகுப்பு

“ஹையா! நாளைக்கு ஸ்கூல் தொறக்கிறாங்க!” என்று வளன் கட்டிலில் குதித்தான். விழுப்புரத்தில் அவன் பள்ளிக்கூடம் ஒன்றரை வருடமாக இந்தச் செல்போனுக்குள்தான் நடந்தது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இலக்கியா அழ ஆரம்பித்தாள்.

“நீ ஏன்டி அழுவுற? உனக்கும்தானே நாளைக்கு ஸ்கூலு?” என்றாள் வளனின் அம்மா பாக்கியமேரி.

இலக்கியா வேறு பள்ளி. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தென்னரசுவின் மகள். தாய் செத்துப்போன பிள்ளை என்று தென்னரசு சொல்லியிருந்தார். ஒரு நாள் பாடச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள், அப்புறம் தினமும் வளனோடு ஒட்டிக்கொண்டு பாடம் கேட்டாள்.

“எனக்கு இந்த மிஸ்தான் வேணும்.”

“அவங்க இவன் ஸ்கூல் மிஸ்ஸுடி. உங்க ஸ்கூலுக்கு எப்பிடி வருவாங்க? டேய் வளா, போய் யூனிஃபார்ம் போட்டுப் பாரு, சின்னதாயிடுச்சான்னு.”

வளன் ஓடினான். போனை அணைக்கப்போன பாக்கியமேரி நின்றாள். பிள்ளைகள் எல்லோரும் வகுப்பைவிட்டு வெளியேறிவிட்டார்கள். திண்டிவனத்தில் தன் வீட்டிலிருந்து பாடம் எடுக்கும் பிரபாவதி மிஸ் மட்டும் இன்னும் திரையில் இருந்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

இலக்கியா போனை முகத்தருகே இழுத்தாள்.

“அம்மா, நாளையிலேருந்து உன்னை எப்பிடிம்மா பாக்கிறது?”

வெளியே தென்னரசுவின் குரல் கேட்டது. “இலக்கியா! கிளாஸ் முடிஞ்சிடுச்சில்ல, வா!”

பாக்கியமேரி எழுந்து போய் வாசலை மறித்து நின்றாள்.

“இன்னும் முடியலீங்க. பொண்ணு படிச்சிக்கினு இருக்குது. நீங்க போங்க, நானே கொண்டாந்து வுடுறேன்.”